இரண்டு முழ ரப்பர் குழாய்

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களைத் தாண்டி மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு காட்சி கண்ணில் படலாம். சாலையோரத்தில் ஒரு பழைய டிராக்டர் நிற்கும். அதன் பின்னால் டிப்பர் டிரெய்லர். டிரெய்லருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால்களுக்கு உரியவர் உள்ளேயிருந்தபடியே, "அந்த இருபத்தேழு ஸ்பானரை எடு" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "இது ஏறலை தம்பி, அங்குல ஸ்பானர் ஒண்ணு இருக்கும் பாரு" என்பார். அதற்குப் பிறகு பேச்சு இருக்காது. ஏதோ ஒன்று டங்கென்று விழும் ஓசைதான் கேட்கும்.

பழுதாகிவிட்டது எது? இன்ஜினா? கியர்ப் பெட்டியா? இரண்டுமில்லை. இரண்டு முழ நீளமுள்ள ஒரு கறுப்பு ரப்பர் குழாய்தான்! ஹைட்ராலிக் ஹோஸ் என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயின் தம்பியைப் போல இருக்கும். "இதைக் கழற்றி வேறொன்று மாட்டுவதற்கு ஒரு நாளா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாளில் முடிந்தால் அவர் அதிர்ஷ்டசாலி. பழைய டிராக்டரில் இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பதுகூட இதைவிட எளிது என்றே நான் சொல்வேன். இன்ஜினில் எந்த பாகம் எங்கே பொருந்தும் என்பது புத்தகத்தில் இருக்கும். ஹோஸ் அப்படியல்ல. ஏன் என்று பார்ப்போம்.

ஏற்காட்டு உயரத் தண்ணீர்

ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது. இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணையுங்கள். சிறியதன் பிஸ்டனை விரலால் அழுத்தினால் பெரியதன் பிஸ்டன் மெதுவாக, ஆனால் மிகுந்த பலத்துடன் மேலேறும். அதைத் தடுக்க உங்கள் நண்பர் முயன்றால் தோற்றுப்போவார். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதற்குக் காரணம். பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

டிராக்டரில் நடப்பதும் இதுவே. இன்ஜினால் சுழலும் ஒரு சிறிய பம்பு எண்ணெயை அழுத்துகிறது. அந்த எண்ணெய் குழாய் வழியாகச் சென்று டிரெய்லருக்கு அடியிலுள்ள சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளுகிறது. எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர்களில் இது சாதாரணம். பிஸ்டனின் விட்டம் 10 சென்டிமீட்டரானால் பரப்பு சுமார் 78.5 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய பதினொன்றே முக்கால் டன்! ஒரு லோடு செங்கல்லைச் சாய்த்துக் கொட்டுவதற்கு வேறென்ன வேண்டும்?

150 கிலோ அழுத்தம் என்பது எவ்வளவு? நெய்வேலியில் படிக்கும் மாணவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே மணல் அடுக்குகளில் நிலத்தடி நீர் அழுத்தத்துடன் சிறைப்பட்டிருக்கிறது. அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. மேலேயுள்ள மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் இந்த நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும். அதனால்தான் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள். 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த காலத்தில், பொறியியலாளர்களை மிகவும் அச்சுறுத்தியது இந்த நீர்தான். 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தைத் தாங்கி நிறுத்தக்கூடிய அழுத்தம் அது.

ஹோஸுக்குள் இருப்பதோ அதைப்போல இருபது மடங்கு! 150 கிலோ அழுத்தம் 1500 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். கடல் மட்டத்திலிருந்து ஏற்காடு அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. அதாவது ஏற்காட்டிலிருந்து ஒரே குழாயைக் கடற்கரை வரை இறக்கி, அதன் அடி நுனியில் உங்கள் ரப்பர் குழாயை மாட்டியதைப் போல! அது வெடிக்காமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

கம்பிப் பின்னலின் கணக்கு

ரப்பர் மட்டும் இருந்தால் கட்டாயம் வெடித்துவிடும். ஹோஸை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இரகசியம் தெரியும். உள்ளே எண்ணெய் படும் ஒரு ரப்பர் குழல். அதன்மேல் எஃகுக் கம்பிப் பின்னல். அதற்கும் மேலே வெயிலையும் உராய்வையும் தாங்க ஒரு ரப்பர் உறை. சிலவற்றில் ஒரு பின்னல், சிலவற்றில் இரண்டு. இரட்டைப் பின்னலுள்ள அரை அங்குல ஹோஸ் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 245 கிலோ அழுத்தத்தில் வேலை செய்ய ஏற்றது. வெடிப்பதற்கு அதைப்போல நான்கு மடங்கு வேண்டும்.

பின்னலில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. அழுத்தம் மிகுந்த குழாய் வெடிக்கும்போது பெரும்பாலும் நீளவாட்டில் கிழிகிறதே, குறுக்கே துண்டாவதில்லையே, ஏன்? குழாயின் சுற்றை விரிக்க முயலும் இழுவிசை, நீளத்தை இழுக்கும் விசையைப்போல இரண்டு மடங்கு என்பதால். ஆகவே கம்பியைச் சரியாகச் சாய்த்துப் பின்னினால், ஒரே கம்பி இரண்டு வேலைகளையும் 2-க்கு 1 என்ற விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளும். அந்தச் சாய்வு, குழாயின் நீளத்தோடு ஏறக்குறைய 54.7 பாகை. திரிகோணமிதி படித்தவர்களுக்கு: டேன்ஜென்டின் வர்க்கம் 2-க்குச் சமமாகும் கோணம் இது. கோணம் இதைவிடக் குறைந்தால் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் பருத்துக் குறுகும். கூடினால் மெலிந்து நீளும். கச்சிதமாகப் பின்னிய ஹோஸ்கூட நூற்றுக்கு இரண்டு பங்கு வரை நீளலாம், நான்கு பங்கு வரை குறுகலாம் என்று தர விதிகள் இடம் கொடுக்கின்றன. இதை அறியாதவர், "எதற்கு வீண் தொங்கல்?" என்று ஹோஸை விறைப்பாக மாட்டிவிடுவார். அழுத்தம் ஏறியதும் அது குறுகப் பார்க்கும். குறுக இடமில்லை. அடுத்த வாரம் மறுபடியும் அதே இரண்டு கால்கள் டிரெய்லருக்கு அடியில்!

முறுக்கினாலும் இதே கதிதான். ஹோஸ் வளையலாம், முறுக்கக் கூடாது. முறுக்கினால் ஒரு பக்கத்துக் கம்பிகள் தளர்ந்து, மறு பக்கத்துக் கம்பிகளே எல்லாப் பாரத்தையும் சுமக்கும். ஹோஸின் மேலே நீளவாட்டில் எழுத்துகள் அச்சிட்டிருக்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? மாட்டிய பிறகு அந்த எழுத்துவரி நேராக ஓட வேண்டும். கொடிபோலச் சுற்றிக்கொண்டு ஓடினால் முறுக்கிவிட்டது என்று பொருள். எவ்வளவு மலிவான அளவுகருவி!

மரை கழன்ற கதை

இப்போது உண்மையான தொல்லைக்கு வருவோம்.

ஹோஸின் இரு முனைகளிலும் எஃகு இணைப்புகள் இருக்கும். முனையைத் தள்ளிக்கொண்டு வெளியேற எண்ணெய் எவ்வளவு விசையோடு முயல்கிறது தெரியுமா? அரை அங்குலத் துளையின் பரப்பு சுமார் 1.27 சதுர சென்டிமீட்டர். அதை 150-ஆல் பெருக்குங்கள். 190 கிலோ! மூன்று ஆட்கள் சேர்ந்து தொங்குவதைப் போல. ஆகவே இணைப்பின் சட்டையை ஹோஸின் மேல் பிரஸ் எந்திரத்தில் வைத்து எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சீராக நசுக்கிப் பொருத்துகிறார்கள். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு குறைவாக நசுக்கினால் நழுவும். சற்று அதிகமானால் உள் ரப்பர் வெட்டுப்படும். இந்த வேலையைச் சுத்தியலாலும் கிளிப்பாலும் செய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிளிப் போட்ட ஹோஸ் காலி டிரெய்லரைத் தூக்கும். பாரம் ஏற்றியதும் பிய்த்துக்கொண்டு போகும். சைக்கிள் டியூப்பைப்போல மேலே ஒட்டுப் போடுவதும் இங்கே நடவாது. ஓட்டை விழுந்த ஹோஸ் தீர்ந்த கணக்கு.

சரி, புதிய ஹோஸ் வாங்கிவிடலாம். கடைக்காரர் கேட்பார்: "எந்த மரை?" இங்கேதான் எல்லாரும் விழிப்பார்கள்.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியியலாளர் 1841-இல் திருகு மரைகளுக்கு முதன்முதலாக ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். அவருடைய மரையின் பள்ளம் 55 பாகைக் கோணம். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர், 60 பாகையே வெட்டுவதற்குச் சுலபம் என்றார். மெட்ரிக் மரையும் 60 பாகைதான். ஆனால் அளவுகள் மில்லிமீட்டரில். மூன்று வழியும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. அதன் முதல் பிரிவு 1962-இல் ஓடத் தொடங்கியது. மண்ணை அள்ளும் இராட்சத சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. சுற்றுவட்டார வயல்களில் உழும் டிராக்டர்களில் பல பிரிட்டிஷ் வமிசத்தைச் சேர்ந்தவை. ஒரே ஊருக்குள் எத்தனை தேசத்து மரைகள், பாருங்கள்!

ஓர் உதாரணம் சொல்கிறேன். மூன்று இணைப்புகள் மேசைமேல் இருக்கின்றன. முதலாவது, அரை அங்குல பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் குழாய் மரை. இரண்டாவது மெட்ரிக் 22. மூன்றாவது, எட்டில் ஏழு அங்குல அமெரிக்க மரை. வெர்னியரால் வெளிவிட்டத்தை அளந்தால் 21, 22, 22.2 மில்லிமீட்டர். (அரை அங்குலம் என்ற பெயருள்ளது 21 மில்லிமீட்டர் இருப்பது எப்படி என்று குழம்பாதீர்கள். அந்த அரை அங்குலம் பழங்காலக் குழாயின் உள்துளையைக் குறித்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.) இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் நட்டை மற்றதில் வைத்தால் ஒரு சுற்றுப் போல ஏறுவதாகக் காட்டும். பிறகு இறுகும். "துரு பிடித்திருக்கும்" என்று நீண்ட ஸ்பானர் போட்டுத் திருகுவார்கள். அவ்வளவுதான், இரண்டின் மரையும் கெட்டது! ஒன்றில் மரைகளின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், மற்றதில் சுமார் 1.8. ரம்பம் போன்ற சிறு தகடுகளைக் கொண்ட மரை அளவி ஒன்றை மரையின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கருவி விலை அதிகமில்லை. ஆனால் பட்டறையில் அது எப்போதும் "யாரோ எடுத்துப்போன" பட்டியலில் இருக்கும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. அரை அங்குல பிரிட்டிஷ் குழாய் மரையும், அரை அங்குல அமெரிக்கக் குழாய் மரையும் அங்குலத்துக்குப் பதினான்கு மரைகள் கொண்டவை. எண்ணிக்கை ஒன்று, விட்டமும் ஏறத்தாழ ஒன்று. நன்றாகவே ஏறும், இறுகும். மெக்கானிக் மகிழ்ந்து வீட்டுக்குப் போவார். ஆனால் ஒன்று 55 பாகை, மற்றது 60 பாகை. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே நூலிழைபோல ஒரு சுருள்வழி மிஞ்சும். அதன் வழியே எண்ணெய் நடந்து வரும். அதைத் தடுக்க வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றுவார்கள். பல ஹைட்ராலிக் இணைப்புகளில் கசிவைத் தடுப்பது மரையே அல்ல. முனையிலுள்ள கூம்பு, அல்லது ஒரு ரப்பர் வளையம். மரையின் வேலை அதை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அங்கே நாடாவைச் சுற்றுவதால் ஒரு பயனுமில்லை. பிய்ந்த நாடாத்துண்டு எண்ணெயோடு போய் வால்வில் சிக்கிக்கொள்வதுதான் மிச்சம்.

கசிவோடு போராடுவது இன்று நேற்று வந்த வேலையல்ல. 1795-இல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் அழுத்தியைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றபோது, அவரை வாட்டியதும் இதே கசிவுதான். இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகராது. தளர்த்தினால் நீர் பீறிடும். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோலால் கிண்ணம்போல ஒரு வளையம் செய்து வைத்தாராம். உள்ளே அழுத்தம் ஏற ஏற, அந்தத் தோல் தானே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய ரப்பர் சீல்களின் மூதாதை அதுவே. டிராக்டரின் பின்னால் மூன்று முனை இணைப்பை அமைத்த ஹாரி பெர்குசனோ வேறு வழியில் புத்திசாலி. பம்பையும் சிலிண்டரையும் டிராக்டரின் உடலுக்குள்ளேயே எண்ணெயில் மூழ்க வைத்துவிட்டார். அங்கே சிறு கசிவு இருந்தாலும் எண்ணெய் வீட்டுக்குள்ளேயே விழும். அந்த வமிசத்து மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத்தான் 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. அவற்றில் கலப்பையைத் தூக்க ஹோஸே வேண்டாம். டிரெய்லரையும் தூக்கு என்று நாம் கேட்கும்போதுதான் எண்ணெய் வெளியே வர வேண்டியிருக்கிறது, கூடவே தொல்லையும்.

ஊசிமுனை ஓட்டை

இனி நான் சொல்வதைச் சற்று நின்று படியுங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ டிராக்டர் இருந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பழைய ஹோஸ் எப்போதும் ஓசையோடு வெடிப்பதில்லை. மேலுறை வெயிலில் வெடித்து, கம்பி துருவேறி, ஊசிமுனை அளவில் ஒரு துளை விழும். அதிலிருந்து எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத கீற்றாகப் பாயும். எங்கே கசிகிறது என்று பார்க்க நாம் இயல்பாக என்ன செய்வோம்? ஹோஸின்மேல் கையை ஓட்டுவோம். இதுதான் ஆபத்து! சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமே தோலைத் துளைக்கப் போதுமானது. இங்கே இருப்பது 150. எண்ணெய் ஊசி போட்டதைப்போல விரலுக்குள் பாய்ந்துவிடும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டும் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இராது. "முள் குத்தியிருக்கும்" என்று வேலையைத் தொடர்வார்கள். உள்ளே எண்ணெய் தசைநாண்களின் உறை வழியே பரவி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, சதையை அழிக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம். ஆகவே வலிக்கிறதா இல்லையா என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "உயர் அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். அதை ஒரு நீண்ட குச்சியில் செருகி ஹோஸின் அருகே நகர்த்துங்கள். எண்ணெய் பட்ட இடம் காட்டிக்கொடுக்கும்.

அந்த இரண்டு கால்களை மறந்துவிட்டீர்களா? தூக்கி நிற்கும் டிரெய்லர் தொட்டியை மேலே பிடித்துக்கொண்டிருப்பது எஃகு அல்ல, சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய்தான். ஹோஸின் நட்டைக் கழற்றினால் எண்ணெய் வெளியேறும், தொட்டி இறங்கும். கீழே ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. முதலில் தொட்டியை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இறக்க முடியாவிட்டால் பருத்த மரக்கட்டையாலோ இரும்புத் தாங்கியாலோ முட்டுக் கொடுத்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு லீவரை முன்னும் பின்னும் அசைத்து மிச்ச அழுத்தத்தையும் போக்க வேண்டும். இவ்வளவுக்கும் பத்து நிமிடம்கூட ஆகாது.

மாட்டிய பிறகும் வேலை முடிந்துவிடாது. கழற்றியபோது காற்று உள்ளே புகுந்திருக்கும். சிரிஞ்சுச் சோதனையில் தண்ணீரோடு கொஞ்சம் காற்றையும் விட்டு அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகும், மறுமுனை அசையாது. பிறகு திடீரெனத் துள்ளும். டிரெய்லரும் அப்படியே துள்ளும். பாரமில்லாமல் பலமுறை ஏற்றி இறக்கினால் காற்று எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பி வெளியேறிவிடும். தூசியோ இன்னும் பொல்லாதது. பம்பின் உள்ளே பாகங்களுக்கு இடையிலுள்ள சந்து, தலைமயிரின் பருமனைவிட வெகு குறைவு. செம்மண் தூசி பறக்கும் சாலையோரத்தில் ஹோஸின் முனையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், அந்த டீயின் விலை ஒரு பம்பாக முடியலாம்.

"ஒரு சொட்டுதானே, போகட்டும்" என்று விடுவோரும் உண்டு. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். விடை நான்கேகால் லிட்டருக்கும் மேல்!

வீட்டில் செய்துபார்க்க

சாதாரண ரப்பர் வளையம் ஒன்றை அளவுகோலில் அளந்து, சிறு பாட்டிலில் இன்ஜின் ஆயிலில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி அளந்தால், அது பருத்து நீண்டு கொழகொழத்திருக்கும். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஹோஸின் உட்குழலை நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் செய்வது அதனால்தான்.

அடுத்த முறை பட்டறைப் பக்கம் போகும்போது, கழித்துப்போட்ட ஹோஸில் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். மெக்கானிக்கிடமே சொல்லி மேலுறையைச் சீவித் தரச் சொல்லுங்கள். அறுந்த கம்பிமுனை கையைக் கிழிக்கும். கையுறையோ தடித்த துணியோ இருக்கட்டும். கம்பிகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடுவது தெரியும். துண்டின் நீளத்தோடு ஒரு கோடு போட்டு, உங்கள் ஜியாமெட்ரி பெட்டியிலுள்ள கோணமானியை அதன்மேல் வையுங்கள். 54-க்கும் 55-க்கும் அருகில் முள் நிற்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் பாரத்தில் விறைத்து இழுபட்ட ஹோஸானால் கோணம் கொஞ்சம் மாறியிருக்கும். எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அது வேலை செய்தபோது நீண்டதா, குறுகியதா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள்.